சபை இருக்கும் பக்கம்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். ராஜா இல்லாமல் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு பங்குனித் திருவிழாவில் அமராவதி முதல் முறையாக மகுடம் வைத்தாள்.

யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல அது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு ஊரிலிருந்து ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து மேடையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. அன்று மதுரையிலிருந்து வரவேண்டிய ராஜபார்ட் வரவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ராணி வேடத்துக்கு வந்திருந்த அமராவதி பன்னிரண்டு வருஷமாக ராஜாக்களுக்கு எதிரில் நின்று பேசியவள். ராஜாவின் பாட்டும் வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நான் வைத்துக்கொள்கிறேன் என்று மகுடத்தை எடுத்தாள்.

ஆர்மோனியக்காரர் ரத்தினவேல் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் ஆறடி. அவள் நாலடி பத்து அங்குலம்.

"ஒன் ஒசரத்துக்கு இத வச்சா மகுடந்தான் தனியா நடந்து வாரது மாதிரி இருக்கும்" என்றார்.

"நடந்து வரட்டும்ணே. நீங்க சுருதியைப் பிடிங்க."

மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேடையே நெஞ்சு உயரம். அதன்மேல் நின்றவளை எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். அண்ணாந்து பார்ப்பவனுக்கு அங்குலக் கணக்கு தெரிவதில்லை. பாதி நாடகத்துக்குள் ஊர் அவளை ராஜா என்று ஒப்புக்கொண்டது. அடுத்த பதினோரு வருஷம் ஆலங்குடி, கீரமங்கலம், மீமிசல் என்று எந்த ஊரில் நாடகம் போட்டாலும் ராஜபார்ட் அமராவதிதான். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட மிருதங்கக்காரர் மலேயாவுக்குப் போய்க் கடிதம் போடாமல் இருந்துவிட்டார். அவளும் தேடவில்லை. புதுக்கோட்டையில் மேல ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள்.

தொழிலில் அவள் பிசகாமல் காப்பாற்றிய விதி ஒன்று உண்டு. சபைக்கு முதுகு காட்டக் கூடாது. மேடையில் திரும்ப வேண்டியிருந்தால் சபைப் பக்கமாகச் சுற்றித்தான் திரும்புவாள். உள்ளே போகும்போதும் பக்கவாட்டிலேயே நடந்து போவாள். எல்லா நடிகர்களும் கடைப்பிடிப்பதுதான். அவளுக்கு அது காலிலேயே ஏறிவிட்டிருந்தது.

1959இல் தேதிகள் குறைந்தன. அடுத்த வருஷம் தையில் ஒரு தேதிகூட இல்லை. நாடக ஏஜெண்ட் நாகராசுவின் கடைக்குப் போய்க் கேட்டாள். நடிகர்களுக்கும் ஊர்க் கமிட்டிகளுக்கும் நடுவில் நின்று தேதி எழுதுகிறவன் அவன்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீங்க" என்றான் நாகராசு. "கமிட்டிக்காரவுக எல்லாம் இப்ப சினிமா பாத்துட்டாக. ராசான்னா வளத்தியா, எள வயசா இருக்கணும்கிறாக. அம்மா வேசம்னா சொல்லுங்க, இப்பவே நாலு தேதி போடுறேன்."

"யாருக்கு அம்மா?"

"மதுரையிலேருந்து ஒரு பையன் வாரான்ல, ராசபார்ட்டு. அவனுக்கு."

"அவன் அவரோகணத்துல விழுந்து விழுந்து எந்திரிக்கிறான். அந்தப் புள்ளைய நான் பெத்தேன்னு சொன்னா சபை நம்பாது."

நாகராசு சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் மெட்ராஸ் சினிமாக் கம்பெனி படம் எடுக்க வந்திருக்கிறது. ஒரு குடியானவத் தாய் வேஷத்துக்கு ஆள் கேட்கிறார்கள். ஒரு நாள் வேலை, மூன்று வரி வசனம்.

"நீங்க நடிக்கிறது எனக்கு முக்கியமில்லக்கா. மொகம் தெரியணும். ஒரு தடவ படத்துல மொகம் தெரிஞ்சிட்டா நோட்டீசுல 'சினிமா புகழ் அமராவதி'ன்னு கொட்டை எழுத்துல போட்டுருவேன். அதைப் பாத்தா எந்தக் கமிட்டியும் ராசபார்ட்டத் தரமாட்டேன்னு சொல்லாது. மொகம் மட்டும் தெரியுற மாதிரி பாத்துக்கங்க."

மகுடம் திரும்பி வரும் வழி அது ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரிந்தது. சரி என்றாள்.

துணைக்கு ரத்தினவேல் வந்தார். நாகராசுவும் வந்தான். அந்தப் பெரிய வீட்டின் முகப்பு ஆறேழு படிகள் உயரத்தில் இருந்தது. அதற்கு மேலே மாடி. முன்னால் வண்டிகள் நிற்கும் அகன்ற வாசல். வாடகைக்கு விட்ட மீனாள் ஆச்சி, சுவரில் ஆணி அடிக்கிறார்களா என்று பார்க்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா மாடியில் இருந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது.

டைரக்டர் ராமசுப்பிரமணியனுக்கு முப்பது வயது, முதல் படம். காட்சியை அமராவதிக்கு விளக்கினார். ஜமீன்தார் ஊராருக்குத் தண்ணீர் விட மறுக்கிறார். மதகைத் திறந்த ஒரு பையனைப் பிடித்துக் களஞ்சியத்தில் பூட்டிவைக்கிறார். அவன் தாய் வந்து வாசலில் நிற்கிறாள். முதலில், "ஐயா, என் மகன் சின்னப் பிள்ளை" என்று கெஞ்ச வேண்டும். அடுத்தது, "அவனை விடச் சொல்லுங்க." மூன்றாவது, "கதவைத் திறங்க." அவ்வளவுதான். ஜமீன்தார் சாவியை எடுத்துக் கீழே வீசுவார்.

"மூணாவது கெஞ்சுறது இல்லைம்மா" என்றார் டைரக்டர். "உத்தரவு. அந்த ஒரு வார்த்தையிலதான் படமே திரும்புது."

உத்தரவு போடுவது அமராவதிக்குப் பழக்கம்தான். ஜமீன்தாராக நடித்த பெரிய நடிகர் படிகளின் மேல் வந்து நின்றார். அவள் கீழே வாசலில் நின்றாள். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் வரியை மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"கட். அம்மா, கேமராவைப் பார்க்காதீங்க. ஜமீன்தாரைப் பாருங்க."

"கேமராவப் பாக்கலைங்க. ஆளுக எங்கிட்டு இருக்காகன்னு பாக்குறேன்."

"ஆளுங்க கொட்டகையில இருப்பாங்க, அப்புறமா."

இரண்டாம் தடவை ஜமீன்தாரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது வார்த்தையை, கடைசி வரிசைக்கும் கேட்கிற ராஜாவின் குரலில் போட்டாள். வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். மாடியில் கேமராக்காரர் ஏகாம்பரம் மட்டும் தலையை ஆட்டவில்லை. முப்பது வருஷமாக ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அதிகம் பேசமாட்டார்.

"என்ன சார்?" என்றார் டைரக்டர்.

"பூனைக்குட்டி சீறுது."

அது கீழே அமராவதிக்குக் கேட்டது. மேலே ஏறி வந்தாள்.

"ஐயா, நான் அதுக்குள்ள பாக்கலாமா?"

ஏகாம்பரம் விலகி நின்றார். அவள் நின்ற இடத்தில் ரத்தினவேலை நிற்கச் சொன்னார். அமராவதி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முன்னால் ஜமீன்தாரின் தோளும் தலைப்பாகையும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அதற்கப்பால் ஆழத்தில், வெற்று வாசலின் நடுவே, யாரோ விட்டுப்போன மூட்டைபோல ரத்தினவேல் நின்றார். ஆறடி மனிதர். அவருக்கு உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தது. நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.

"இங்கிட்டு இருந்து பாத்தா அண்ணனுக்கே பிச்சை போடலாம் போல இருக்கே" என்றாள்.

"அதேதான்" என்றார் ஏகாம்பரம். "நீங்க என்ன குரல்ல பேசினாலும் இந்த இடம் 'பாவம்'னுதான் சொல்லும். முதல் ரெண்டு வரிக்கு இது சரி. மூணாவதுக்கு இல்ல."

கேமராவைக் கீழே இறக்கினார்கள். அதன் முக்காலியைக் கழற்றிவிட்டு, வாசலில் மணல் மூட்டை அடுக்கி அதன்மேல் உட்காரவைத்தார்கள். ஏகாம்பரம் ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்தார். இப்போது கேமரா அவளுக்கு முன்னால், முழங்காலுக்கும் கீழே இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. இதுதான் அவள் அறிந்த இடம், மணலில் உட்கார்ந்திருப்பவனின் கண். ஒரு காலை முன்வைத்தாள், நெஞ்சு விரிந்தது, முகம் மலர்ந்தது. "கதவைத் திறங்க" என்றாள். ஓரமாக நின்ற நாகராசு இரண்டு கையாலும் வட்டம் காட்டினான். முகம் நிலா மாதிரி விழுந்திருக்கும் என்று அர்த்தம்.

டைரக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிரமாதமா இருக்கும்மா. ஆனா மகன் பூட்டிக் கிடக்கிற மாதிரி இல்ல. மூணு தேசத்தை ஜெயிச்சிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

"தனியா பெரிசா தெரியிறாங்க" என்றார் ஏகாம்பரம், படுத்தபடியே. "யாருக்கு முன்னால பெரிசுன்னு தெரியல. ஜமீன்தார் இதுல எங்க இருக்கார்?"

உதவியாளன் ஒருவன் வந்து ஃபிலிம் முந்நூறு அடிதான் மிச்சம் என்றான். வெயில் முகப்புத் தூண்களைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. மறுநாள் ஜமீன்தார் நடிகருக்கு மெட்ராஸில் வேறு படம். டைரக்டர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, மூணாவது வரி வேண்டாம். மாடியிலேருந்து எடுத்ததே போதும். அம்மா கெஞ்சுறாங்க, ஜமீன்தார் மனசு இரங்கிச் சாவியைக் கொடுக்கிறார். விடுங்க."

நாகராசு அமராவதியின் பக்கத்தில் வந்தான். "நல்லதாப் போச்சுக்கா. அதுலயும் மொகம் தெரியும். சின்னதா தெரியும். தெரியும்ல, அது போதும்."

அவளுக்கு வேண்டியது அந்த முகம். அதற்காகத்தான் வந்தாள். ஆனால் மாடியிலிருந்து பார்த்த மூட்டை கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த மூட்டைக்கு மேல் 'சினிமா புகழ்' என்று எழுதி ஒட்டினால் எந்த ஊர் அதை ராஜா என்று கூப்பிடும்? அதைவிட, மூன்றாவது வார்த்தை அவள் வாயில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளையைப் பூட்டியவனிடம் இரக்கத்தை வாங்கிக்கொண்டு போவது அவளுக்குச் சம்மதமில்லை.

"ஐயா" என்றாள் ஏகாம்பரத்திடம். "பதினோரு வருசமா நான் ராசா. ராசா பெருசுன்னு ராசா மொகத்துல தெரியாதுங்க. எதிர்ல நிக்கிற மந்திரி மொகத்துலதான் தெரியும். மந்திரி வேசக்காரன் பயந்தா நான் ராசா. அவன் கொட்டாவி விட்டா நான் வெறும் அமராவதி."

ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்தார்.

"அதனால அவர் மொகத்தக் காட்டுங்க" என்றாள். "என் காலுகிட்ட இருந்து. எனக்குப் பின்னாடி இருந்து."

ஏகாம்பரம் மணல் மூட்டைகளை அவளுக்குப் பின்னால் மாற்றச் சொன்னார். அவள் குதிகாலுக்கு நாலடி தூரம். படுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டைரக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டார். டைரக்டரும் வெள்ளைச் சட்டையோடு புழுதியில் படுத்தார். சேலை கட்டிய முதுகு ஒரு கோபுரம்போல வானத்தில் ஏறிப் போயிற்று. அதன் ஓரத்தில், தூரத்தில், ஆறேழு படிக்கு மேல் நின்ற ஜமீன்தாரின் தலைப்பாகை அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"அவர் படிமேலதான் நிக்கிறார்?" என்றார் டைரக்டர், நம்பாமல்.

"படிமேலதான். எத்தனை படி போட்டாலும் இந்தம்மா இடுப்புக்கு மேல வரமாட்டார்."

ஜமீன்தார் நடிகர் மேலிருந்து கேட்டார். "என்னது, இடுப்புக்குக் கீழயா? நான் யாருன்னு தெரியுமில்ல?"

டைரக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு போனார். "அண்ணே, இந்த ஷாட்ல முகம்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்க முகம். அந்தம்மாவுக்கு முதுகு மட்டும்தான்."

"அப்படிச் சொல்லுங்க" என்று நடிகர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

அது அமராவதிக்கும் கேட்டது. நாகராசு அவள் கையைப் பிடிக்காத குறையாக நின்றான். "அக்கா, மொகம். மொகம்க்கா. இதுக்கா வந்தோம்?"

"நீ அங்கிட்டுப் போ நாகராசு" என்றாள்.

முதல் டேக். இரண்டு வரியும் சரியாக வந்தது. மூன்றாவது வரியின் முடிவில் அவள் கால் தானாகச் சுழன்றது. முகம் கேமராவுக்கு வந்துவிட்டது. கட்.

"மன்னிச்சுக்கங்க. நான் திரும்பலைங்க. காலு திரும்பிருச்சு."

இரண்டாம் டேக். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "கதவை" என்னும்போதே தோள் சபையைத் தேடிக்கொண்டு வளைந்தது. கேமராவுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் இருநூறு பேர் நின்றார்கள். அவர்கள் மூச்சு அவள் முதுகில் பட்டது. இருபத்து நாலு வருஷம் அந்த மூச்சை முகத்தில் வாங்கியவள். கட்.

உதவியாளன் மிச்சத்தைச் சொன்னான். இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். வெயில் ஜமீன்தாரின் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரத்தினவேல் மெல்ல வந்தார். "கால்ல கயிறு கட்டிப் பிடிச்சுக்கிறவா?"

"கட்டினா இடுப்பு திரும்பும்ணே. இடுப்பக் கட்டினா கழுத்து திரும்பும்." அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு படிகளைப் பார்த்தாள். ஜமீன்தாருக்குப் பின்னால் வீட்டின் பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே பட்டாசாலை, அந்தப் பெரிய கூடம், இருட்டாகக் கிடந்தது. "ஐயா, அந்தக் கதவுக்கு உள்ள இருக்கிறது படத்துல தெரியுமா?"

"வெளியில இவ்வளவு வெயில். உள்ள ஒண்ணும் விழாது. கறுப்பாத்தான் இருக்கும்."

"அப்ப சபையை அங்கிட்டு வைங்க" என்றாள். "எல்லாரையும். நான் திரும்ப மாட்டேன்."

ஏகாம்பரம் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

இருநூறு பேரும் பின்வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பளபளத்த தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மீனாள் ஆச்சியிடம் நாற்காலியோடு உள்ளே வரச் சொன்னார்கள்.

"எங்க வீட்டுல என்னையவே எந்திரிச்சு இங்க ஒக்காரு அங்க ஒக்காருங்கிறாகளே" என்றார் ஆச்சி. "சரி, நான் முன்னாடிதான் ஒக்காருவேன். எனக்கு மறைக்கக் கூடாது."

ரத்தினவேலும் உள்ளே போய் முதல் வரிசையில் சம்மணமிட்டார். அமராவதிக்கு இப்போது ஜமீன்தாரின் இரண்டு பக்கமும் இருட்டில் கண்கள் தெரிந்தன. சபை அங்கே இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பெட்டியும் குப்புறப் படுத்த ஒரு மனிதரும் மட்டும்தான்.

"ஐயா, என் மகன் சின்னப் பிள்ளை."

ஜமீன்தார் மீசையைத் தடவினார்.

"அவனை விடச் சொல்லுங்க."

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாவதை அவள் உரக்கச் சொல்லவில்லை. கத்துவதற்கு அவசியம் இல்லை, கடைசி வரிசை முப்பதடியில் இருந்தது. ஒரு வீட்டுக்காரி தன் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கதவைத் திறங்க."

ஜமீன்தாருக்குப் பின்னால் இருநூறு பேரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதி அவர் பிடரியில் இறங்கியிருக்க வேண்டும். அவர் கண் அவளிடம் வந்தது, விலகியது, மறுபடியும் வந்தது. கை மடியில் சாவியைத் தேடிற்று. எடுத்தார். வீசவில்லை. குனிந்து படியில் வைத்தார்.

"கட்" என்றார் டைரக்டர்.

நடிகர் படியிறங்கி அமராவதியிடம் வந்தார். "வீசணும்னுதான் இருந்தேன்மா. கை வரல."

வழியெல்லாம் நாகராசு பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "உலகத்துல எவனும் முதுகக் காட்டிப் பேரு வாங்குனதில்ல. நோட்டீசுல என்ன போடுறது, 'முதுகு புகழ் அமராவதி'ன்னா?" ரத்தினவேல் சிரித்ததைப் பார்த்து அமராவதியும் சிரித்துவிட்டாள். ஆனால் அந்த வருஷம் முழுவதும் அவளுக்குத் தேதி வரவில்லை. அம்மா வேஷத்துக்குக் கேட்ட இரண்டு ஊரையும் வேண்டாமென்று சொன்னாள். ஏகாம்பரம் பெட்டிக்குள் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அது என்னவாக வந்திருக்கிறது என்று தெரியாமல் பதினாலு மாதம் இருந்தாள்.

படம் மெட்ராஸில் வந்து, திருச்சியில் ஓடி, 1961 ஆடியில் ஆலங்குடி டூரிங் கொட்டகைக்கு வந்தது. நாகராசு வரமாட்டேன் என்றான். ரத்தினவேலோடு போய்ப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். முக்காடு போட்டிருந்தாள்.

அந்தக் காட்சி இடைவேளைக்குப் பிறகு வந்தது. முதலில் மாடியிலிருந்து எடுத்தது. வெற்று வாசலில் புள்ளிபோல ஒரு பெண். முகம் ஒரு புளியங்கொட்டை அளவு. "ஐயா, என் மகன் சின்னப் பிள்ளை." பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள், "பாவம், இந்தச் செறுக்கி என்ன செய்வா" என்றாள். "அவனை விடச் சொல்லுங்க." அதுவும் மேலிருந்துதான். முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அடுத்த கணம் திரை முழுவதும் ஒரு முதுகு எழுந்தது.

கொட்டகையில் எல்லோரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்கள். அமராவதியும் சாய்ந்தாள். தன் முதுகை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. பழஞ்சேலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் கல்லில் வெட்டினதுபோல இருந்தன. அந்த மலையடிவாரத்தில் இடுப்புயரம்கூட இல்லாத ஒரு ஜமீன்தார். அவருக்குப் பின்னால் கரிய கதவு. அதே பெண், அதே வாசல். இரண்டு வரிக்கு இரங்கிய கொட்டகை, ஒரு வெட்டில் அவள் பின்னால் போய் நின்றுகொண்டது. அவளோடு சேர்ந்து அந்த மனிதரை எதிரில் பார்த்தது.

"கதவைத் திறங்க."

ஜமீன்தாரின் கண் அலைந்தது. சாவியைப் படியில் வைத்தார்.

முதல் விசில் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது. பிறகு ஒருவன் எழுந்து நின்றான்.

"ஏய், அந்தக் கொரலு. அது நம்ம ராசா."

"எந்த ராசா?"

"அமராவதிடா. ஆலங்குடி ராசா."

அதற்குமேல் வசனம் கேட்கவில்லை. மணலை அள்ளி மேலே எறிந்தார்கள். தட்டியை அடித்தார்கள். ஒன்ஸ்மோர் என்று கத்தி ஆபரேட்டரைப் படத்தை ஓடவிடாமல் செய்தார்கள். அவர் ரீலை நிறுத்திப் பின்னால் சுற்றி மறுபடியும் போட்டார். இரண்டாம் தடவை, முதுகு எழுவதற்கு முன்பே கொட்டகை அமைதியாகிக் காத்திருந்தது. வெற்றிலைக்காரி அமராவதியின் தொடையில் தட்டி, "அந்தாளு மூஞ்சியப் பாரு, இப்ப பாரு" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் அமராவதி.

மறுநாள் காலை அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கீரமங்கலத்துச் சோலையப்பன் வந்தார். கோயில் கமிட்டியில் பெரிய கை, ராத்திரி கொட்டகையில் இருந்தவர். கூட நாலு பேர். அவர்களுக்கு முன்னால் நாகராசு தேதிநோட்டோடு உள்ளே நுழைந்து தானே பாய் விரித்தான்.

"ஆவணி கடைசி வெள்ளி" என்றார் சோலையப்பன். "நாடகம் வச்சிருக்கோம். நீங்க வரணும்."

"என்ன வேசம்?"

சோலையப்பன் நாகராசுவைப் பார்த்தார். "என்னப்பா, இவங்க இப்பிடிக் கேக்குறாங்க? ராசா வேசந்தான். வேற என்ன வேசத்துக்கு நாங்க இம்புட்டுத் தொலைவு வருவோம்?"

"போன வருசம் வளத்தியா வேணும்னு சொன்னீங்களாம்?"

"போன வருசம் நாங்க மேல இருந்து பாத்துட்டோம் தாயி" என்றார் சோலையப்பன். கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

நாகராசு தேதியை எழுதப்போகும் சமயம் வாசலில் இன்னொரு கூட்டம் வந்து நின்றது. மீமிசல் ஆட்கள். உடம்பில் உப்பு மணந்தது. அவர்களில் மூத்தவர் உடையப்பன். விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆவணி கடைசி வெள்ளிதான். அவர்களுக்கும் ராஜாதான் வேண்டும்.

"நாங்க மொதல்ல வந்தோம்" என்றார் சோலையப்பன்.

"நீங்க பக்கத்துல இருக்கீக, மொதல்ல வந்தீக. நாங்க கடலுக்குப் பக்கத்துல இருக்கோம்" என்றார் உடையப்பன். "கொட்டகைக்கு எங்க ஆளுக இருவது பேரு வந்தோம். விசில் மொதல்ல அடிச்சது எங்காளு."

"விசிலுக்கெல்லாம் தேதி கொடுக்கிறதில்ல" என்றான் நாகராசு, பெரிய மனுஷனாக. பிறகு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அவன் குரலே கேட்கவில்லை. கீரமங்கலம் பூவும் வாழையும் பேசியது. மீமிசல் கடலைப் பேசியது. அமராவதி தண்ணீர்ச் செம்போடு தாழ்வாரத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வந்து நடுவில் நின்றாள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள்.

"ரெண்டு ஊரும் கேக்குறீங்க. ராசா ஒண்ணுதான் இருக்கு" என்றாள். "கீரமங்கலம் மொதல்ல சொல்லிருச்சு. வெள்ளி அங்க. மீமிசல் சனிக்கிழமை வச்சா வாரேன். முடியாதுன்னா அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

உடையப்பன் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை ராத்திரிதான் மீமிசலில் எல்லாப் படகும் கடலுக்குப் போகும். நாடகம் பார்க்க விழித்தவன் வலை இழுக்க முடியாது.

"சனியே வச்சுக்கிறோம்" என்றார் உடையப்பன். "ஒரு படகும் எறங்காது. நான் சொல்லிக்கிறேன்."

நாகராசு குனிந்து இரண்டு தேதியையும் எழுதினான்.